சாமி வீட்டுத் தூண்

வெயில் ஏறிப்போன ஜப்பானில் ஹினோக்கி மரங்கள் பட்டுப்போய் வெகுகாலமாகிவிட்டது. இருபது வருடத்துக்கு ஒருமுறை கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் ஷிண்டோ மத வழக்கத்தை மட்டும் ஜப்பானியர்கள் விடவில்லை. அதற்கான மரங்கள் இப்போது கொடைக்கானல் மலையில் வளர்ந்தன. கல்யாணமான வருடம் மன்னவனூர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளி வேலுத்தாய் நட்ட கன்று, அவள் தலை நரைத்தபின் இன்று வெட்டுக்கு நின்றது.

ஜப்பானியப் பூசாரி கனெதா மரத்தடியில் அரிசியும் உப்பும் படைத்தார். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மரத்தில் குடியிருக்கும் சாமியிடம் வெட்டுவதற்கு அனுமதி கேட்டார். பிறகு திரும்பி வேலுத்தாயின் முன்னாலும் குனிந்தார்.

அவர் பேசியதை அவள் காதிலிருந்த கருவி தமிழில் சொன்னது. "மரத்துகிட்ட கேட்டாச்சும்மா. வளர்த்த உங்ககிட்டயும் கேக்கணும்."

தோட்டத்து மேலாளர் பதறினார். "சாமி, அது நீங்க வாங்குன மரம்! இந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா?"

"அப்ப வெட்ட மாட்டோம்" என்றார் கனெதா.

இத்தனை வருட வேலையில் வேலுத்தாயிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இதக் கொண்டுபோய் எங்க வைப்பீக?"

"கருவறைக்கு நடுவுல, தூணா. மனுசங்க யாரும் பார்க்க முடியாது."

"சாமி பார்க்கும்ல?"

"எப்பவும் பார்க்கும்."

வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். மேலாளரை விலக்கிவிட்டுக் கோடரிக்குக் கை நீட்டினாள்.

"குடுங்க. மொத வெட்டு என்னோடது."