பூஜ்யம் காட்டிய அட்டை

தலையில் ஆயிரம் குத்துக்கு மேல் வாங்கியவர் குத்துச்சண்டை மேடை ஏறக் கூடாது என்று அரசு விதி வந்தபோது, பழைய வீடியோக்களை எண்ணி, லூர்துராஜின் உரிம அட்டையில் 1,412 என்று பதிந்து அதை முடக்கினார்கள். விதிக்கு முன் வாங்கிய குத்துகளைச் சேர்த்தது செல்லாது என்று போன வாரம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ராயபுரத்தில் போட்டி.

உடை மாற்றும் அறையில் அட்டையை மனைவியிடம் நீட்டினார்.

“பாத்தியா பிலோ, ஜீரோ. இப்பப் பொறந்த கொழந்த மாதிரி நானு.”

“கொழந்தைய யாரும் ரிங்ல ஏத்த மாட்டாங்க.”

“ஜட்ஜுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

இரண்டு வருடமாக அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது பிலோமினாதான். அது எந்த மனுவிலும் எழுதப்படவில்லை. ஷூக்களை அவர் காலருகே வைத்தாள்.

“கயிற நீயே கட்டு. கட்டிட்டா நானே ரிங் வரைக்கும் கூட வரேன்.”

“இவ்ளோதானா?”

சிரித்தபடி குனிந்தார். ஒரு நுனியை இன்னொன்றின் மேல் போட்டு இழுத்தார். முடிச்சு விழாமல் கயிறு கையோடு வந்தது. வெளியே மைக்கில் அவர் பெயரை அழைத்தார்கள். மறுபடியும் போட்டார். பெயரை இரண்டாம் முறை அழைத்தார்கள்.

கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்ப எது மேல எது போவணும், பிலோ?”