கடலுக்கு அந்தப் பக்கம்

ஆன்ட்ரூஸின் போன் கெட்டுப்போய்விட்டது. பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் தட்டினால்தான் அதிலிருந்த பிட்காயின் புதுப் போனுக்கு வரும். குவைத்திலிருந்து சொந்த ஊரான இனயத்துக்கு லீவில் வந்ததும் மனைவியிடம் கேட்டான்.

"டெல்பின், அந்தச் சொல்லெல்லாம் நான் எழுதித் தந்த தாளு எங்க?"

"எரிச்சிட்டேன்."

கடற்காற்று வந்த வாசலில் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு தாலாட்டுப் போல இருந்தது.

"எதுக்குட்டி எரிச்ச?"

"பிட்காயினுக்குத் தடை, வச்சிருந்தா குற்றம்னு நீங்கதானே போன்ல சொன்னிய?"

"ஏட்டி, அது குவைத்துல! துபாய்ல லைசன்ஸ் எடுத்து விக்கானுவ. நம்ம நாட்டுல லாபத்துக்கு முப்பது சதவீதம் வரி கட்டுனாப் போதும்."

"கடலுக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் வரியா?" கனவில் பேசுவதுபோல் சிரித்தாள். உதடுகள் மறுபடி அசைந்தன.

எட்டு வருஷ உழைப்பு போயிற்றே என்று ஆன்ட்ரூஸ் தளர்ந்து உட்கார்ந்தான்.

"இப்பவும் ஜெபமா? சத்தமாச் சொல்லு, எனக்கும் சேர்த்து."

டெல்பின் குரலை உயர்த்தினாள்.

"ஓஷனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். லெமனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ரிவரே, எங்களுக்காக…"

ஆன்ட்ரூஸ் முழங்காலில் நின்றான், கையில் பேனாவோடு.