ஒரு ஷிஃப்ட் தாங்கும் பேட்டரி

“ரோபோவுக்கு பேட்டரி வேணும் சார். ஒரு ஷிஃப்ட் முழுக்க தாங்கணும்” என்றாள் கண்மணி.

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் பரணி சிரித்துவிட்டார். “எட்டு மணி நேரமா? இன்னாம்மா, மைன்ல இறக்கப் போறீங்களா?”

“வீட்டுக்குத்தான் சார். நானே முதல்முதலா பண்ணேன். வேளாவேளைக்கு மாத்திரையை கட்டிலாண்ட கொண்டு போகணும். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி போட்டேன், நாலடியில நின்னுடுச்சு.”

“அது மோட்டாருக்குப் பத்தாது. சார்ஜ் பண்ற லித்தியம் செல் ரெண்டு போடுங்க. ஓடாம நிக்கிறப்போ அதிகம் இழுக்காது, சாயங்காலம் வரைக்கும் வரும். யாருக்கு மாத்திரை?”

“பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. விழுந்ததுலேர்ந்து எழுந்து நடக்க முடியல. மொத்தமா கையில குடுத்தா மறந்துபோய் ரெண்டு தடவை முழுங்கிடுறாரு. நான் காலை ரயிலுக்கு பெங்களூர் போயிட்டா பார்க்க ஆளில்ல.”

“பிள்ளைங்க?”

“ஒரே மகன். இதே ஊர்தான். ‘பாவம், அவனுக்கு ஓயாத வேலை’ம்பாரு.”

“தூ! அவனெல்லாம் ஒரு பிள்ளையா?” என்றபடி பரணி வாரண்டி கார்டை எடுத்தார். “பேரு, விலாசம் சொல்லுங்க.”

“அவரு பேர்லயே போடுங்க. சம்பங்கி, பன்னெண்டாம் நம்பர், சாம்பியன் ரீஃப்ஸ்.”

அது பரணி பிறந்து வளர்ந்த வீடு. போன மாதம், “கீழ விழுந்துட்டேன்டா” என்று அப்பா போன் செய்தபோது, “கடையில கூட்டம்ப்பா” என்று போனை வைத்தவர் பரணிதான்.

கார்டின் மேல் குனிந்த தலை நிமிரவில்லை.

“இன்னா சார், பேனா எழுதலையா?” என்றாள் கண்மணி.