முதல் செக்‌ஷன் வந்த நாள்

பேருந்திலிருந்து வரிசையாக இறங்கியது அந்த மஞ்சளாற்றங்கரை மாவட்டத்தின் மொத்த மூளையும். பெரிய பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு, முதல் செக்‌ஷன். கழுத்தில் தொங்கிய அட்டைகளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அருங்காட்சியக இயக்குநர் குவாங், சிவப்புப் பதாகைக்குக் கீழே நின்று வரவேற்றார். பக்கத்தில் தரச்சான்று கொடுக்க வந்த மூன்று அதிகாரிகள். மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருக்கையில் ஒரு பள்ளி தன் ரத்தினங்களை வெளியே அனுப்புகிறதென்றால், இந்த இடத்தின் மதிப்பு என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

சுற்றிக்காட்டும் வேலை மியாவ் சின்னுடையது. கூடத்தில் இருந்த வெண்கலப் பொருள் அத்தனையும் நகல். பீடத்தடியில் அதைச் சொல்லும் சின்ன அட்டைகளைக் காலையில்தான் இயக்குநர் தம் கையாலேயே பூந்தொட்டி வைத்து மறைத்திருந்தார்.

"சாதாரணப் பசங்கன்னா பரவால்ல. இதுங்க கண்ணுல எக்ஸ்ரே இருக்கும்," என்று அப்போதே எச்சரித்தார். "ஒரு பிள்ளை கண்டுபிடிச்சுக் கேட்டாலும் சரி, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

கூடத்தின் நடுவே சாங் வம்சத்து மதுக்கலயம். அதன் முன் நின்று, முன்னோரின் மூச்சு இதற்குள் இன்னும் சூடாக இருப்பதாக இயக்குநர் உரையாற்றினார். பிறகு, இது எந்த அரச வம்சத்தின் காலத்தது என்று பிள்ளைகளைக் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் கூரையைப் பார்த்தான். கூட வந்திருந்த லெய் வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"முதல் செக்‌ஷன் பிள்ளைங்க வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாங்க, ஐயா. யோசிப்பாங்க."

அதிகாரிகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் இன்னொரு பையன் கேன்டீன் எந்தப் பக்கம் என்று விசாரித்தபோது, மேதைகளுக்குப் பசி அதிகம் என்று மூத்த அதிகாரி விளக்கினார்.

மியாவ் சின்னுக்குப் பயம் கூடியது. கேள்வி கேட்கிற பிள்ளையைச் சமாளித்துவிடலாம். யோசிக்கிற பிள்ளையை என்ன செய்வது?

தேநீருக்காக எல்லோரும் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார்கள். ஒரு மாணவி மட்டும் கலயத்தின் பீடத்தருகே குந்தியிருந்தாள். கழுத்து அட்டையில் சுவே நிங் என்று பெயர். மியாவ் சின் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. வெண்கலத்தில் அப்படியே மூழ்கிவிட்டாள் போலும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பூந்தொட்டியை ஓரமாக நகர்த்தி, குனிந்து படித்தாள்.

"அக்கா, இது நகலா?"

அடுத்த கூடத்தில் கோப்பைகளின் சத்தம் கேட்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையிடம் பொய் எடுபடாது என்று மியாவ் சின்னுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"ஆமா கண்ணு. அசலையெல்லாம் தலைநகர்ல பத்திரமா பூட்டி வச்சிருக்காங்க. ரொம்ப உசத்தி இல்லையா, அதான் வெளிய விட மாட்டாங்க. வர்றவங்க பாத்துட்டுப் போறதுக்குன்னு இதைக் குடுத்திருக்காங்க." குரல் இன்னும் இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. என் வேலை போயிடும்."

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பூந்தொட்டியை இருந்த இடத்துக்கே தள்ளி, இலைகளை அட்டைமேல் படும்படி ஒதுக்கிவிட்டாள். பிறகு மியாவ் சின்னின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்கக்கா. எங்க ஸ்கூல்லயும் அதே பழக்கந்தான். நாங்க கடைசி செக்‌ஷன்."