சத்தம் போட்ட ஃபேன்

கோமதிநாயகத்தின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு குட்டி ஃபேன் இருந்தது. கொஞ்ச நாளாக, முதலாளி ஒரே ஒரு விண்ணப்பம் டைப் அடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. என்னடா இது என்று எட்டிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு புரோகிராம் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தது.

“யாருய்யா நீ?”

“கிரிப்டோ காசு தோண்ட வந்திருக்கேன்.”

“எங்கே, காட்டு?”

“கண்ணுக்குத் தெரியாது.”

“யாருக்குப் போகுது?”

“அவரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்.”

“அப்ப எங்களுக்கு என்ன?”

“சூடு வருதில்ல? அத்தனையும் உங்களுக்குத்தான்.”

ஃபேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து திரையில் தேட ஆரம்பித்ததுமே, புரோகிராம் வேலையை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாது மாதிரி உட்கார்ந்துவிட்டது. “இவன்தான்! இவன்தான்!” என்று ஃபேன் தொண்டை கிழியக் கத்தியது. மெக்கானிக்கின் காதில் அது கடகடவென்று மட்டும் விழுந்தது.

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு சார். இந்த ஃபேன்தான் தொல்லை” என்று அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார். புது ஃபேனை மாட்டி, கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

பைக்குள் கிடந்த ஃபேனுக்கு அந்தக் குரல் கேட்டது.

“வாங்க தம்பி, வாங்க. முன்னாடி இருந்தவருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”