குலுங்காத ரத்தம்

ரெஜினாவின் கணவன் சூசைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாகவும், இதயம் எந்நேரமும் நின்றுவிடலாம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சூசையோ கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தான்.

"லேபுக்குப் போற வழியில, ரத்தம் எடுத்த குழாய் குலுங்கி உள்ள அணுக்கள் உடைஞ்சிருந்தாலும் இப்படித்தான் பொய்யா ஏத்திக் காட்டும்மா," என்றார் டாக்டர். "திரும்ப எடுத்துத் தரேன். ஆட்டாம லேபுக்குக் கொண்டு போங்க."

ரெஜினா குழாயை இரு கைகளாலும் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினாள். "அண்ணே, பள்ளம் பாத்துப் போங்க," என்று வழியெல்லாம் கெஞ்சினாள். வேகத்தடை வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, குலுக்கலை முழங்காலில் வாங்கிக்கொண்டாள். முதலில் வந்தது பொய், பொய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

லேப் பெண் குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே நின்ற நீர் துளிச் சிவப்பும் கலக்காமல் தெளிந்த மஞ்சளாக இருந்தது.

"ரத்தம் கொஞ்சமும் உடையலக்கா. அருமையா கொண்டாந்திருக்கீங்க. இனி என்ன வருதோ, அதை அப்படியே நம்பலாம்."

ரெஜினா தலையாட்டினாள். இந்த முறை வரப்போவது பொய்யாக இருக்க வழியே இல்லை.