நூற்றுக்கு நூறு

அலுவலகத்தின் பின்புறம், மாலை வெயிலில், தகர வாளிக்குள் காகிதங்கள் எரிகின்றன. காலை முழுக்க நாற்பது ஸ்லைடு பார்த்து, தீயணைப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய வரவேற்பு மேசை அக்கா, சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திருதிருவென விழிக்கிறார். "கைப்பிடியில இருக்கிற பின்னை உருவுங்கக்கா!" என்கிறார் எதிரே நிற்கும் பயிற்சியாளர். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு உருவி அமுக்குகிறார். புஸ்ஸென்று கிளம்பிய வெள்ளைப் பொடி பயிற்சியாளரைக் குளிப்பாட்டுகிறது. வாளியில் நெருப்பு சுகமாக எரிகிறது. சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு அடங்கவே இல்லை. இரண்டாம் தரம் அக்காவின் கண் திறந்திருக்கிறது, குழாய் தீயின் அடியைப் பார்க்கிறது, தீ பொசுக்கென்று அணைகிறது. "இதுக்கு காலையிலயே இங்க வந்திருக்கலாமே சார்?" என்கிறார் அக்கா, மூச்சிரைக்க. பயிற்சியாளர் வெள்ளைப் புருவத்தைத் துடைக்கிறார். நாளைய வகுப்புக்கு அச்சடித்து வைத்திருந்த ஸ்லைடுக் கட்டை அப்படியே இன்னொரு வாளியில் போட்டுப் பற்றவைக்கிறார். "அடுத்து யாரு? வாங்க!"